யார் கூற்று? எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆட்டத்தொடரின் புனைவரலாறு

ஒரு நூலில் ஒன்றற்கொன்று மாறுபட்ட இரு செய்திகள் காணப்படின், அவற்றுள் ஒன்று பிற்கால இடைச்செருகல் என்றோ, ஏடெழுதினோர் பிழை என்றோ, அன்றி இரண்டும் வெவ்வேறு மாந்தரின் கூற்று என்றோ துணிதல் உரைகாண்போர் கடனாகும். இக்கடன் ஏட்டுச்சுவடிகளோடு முடிந்துவிடவில்லை. வேடமேற்று ஆடும் கணினி ஆட்டங்களிலும் அஃது இன்று புதியதோர் உருவில் எழுந்துள்ளது. அமெரிக்க நாட்டுப் பெதஸ்டா நிறுவனம் 1994ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்னும் ஆட்டத்தொடர் இதற்குச் சிறந்த சான்று. அத்தொடரின் ஆர்வலர் இருபொருள் பற்றி ஓயாது வழக்கிடுவர். தொடரின் பின்புலமாகிய புனைவரலாற்றில் எது மெய் என்பது ஒன்று. தொடரின் உறுப்புகளாகிய ஆட்டங்களுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டு வழக்குகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலின், ஒன்றற்குரிய அளவுகோலை மற்றொன்றற்கு இட்டுப் பார்க்கும் பிழை மிகுதியாக நிகழ்கின்றது. அப்பிழையை விலக்கி நோக்கின் புலனாவது யாதென ஈண்டு ஆராய்வாம்.

தொடரின் தோற்றத்தைச் சுருங்கக் கூறுதல் போதும். முதலாட்டமாகிய அரீனா 1994இலும், டேகர்ஃபால் 1996இலும், மாரோவிண்ட் 2002இலும், ஒப்லிவியன் 2006இலும், ஸ்கைரிம் 2011இலும் வெளிவந்தன. இவற்றிடையே பேட்டில்ஸ்பையர் (1997), ரெட்கார்டு (1998) என்னும் இரு கிளையாட்டங்கள் தோன்றின. பல்லோர் ஒருங்கே கூடி ஆடும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014இல் வந்தது. எல்லாவற்றிற்கும் களம் டாம்ரியல் என்னும் கற்பனைப் பெருநிலம். அரீனா முதலில் வாட்போர் வீரர் பொருதும் ஆட்டமாகவே திட்டமிடப் பெற்றது; ஆக்கத்தின்போது அதன் இயல்பு மாறிற்று; பெயர் மட்டும் எஞ்சிற்று. எஞ்சிய பெயர்க்குக் காரணம் காட்டவேண்டி, அப்பேரரசில் வன்முறை மலிந்திருந்தமையின் மக்கள் அதனைப் போர்க்களரி என்றே வழங்கினர் என ஆட்டத்தோடு வந்த கையேட்டில் எழுதினர். எல்டர் ஸ்க்ரோல்ஸ், அதாவது மூத்த சுருளேடுகள், என்னும் பெயரும் அத்தகையதே. பெயர் முன்னர்ப் பிறந்தது. பெயர்க்குரிய ஏடு கதையில் கைப்படுபொருளாகப் பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின்னர் ஒப்லிவியனில் கள்வர் குழுவின் இறுதிப் பணியில்தான் வந்து சேர்ந்தது. அவ்வேடுகளைப் படிக்கும் துறவியர் நாளடைவில் பார்வை இழப்பர் என்பது கதை. சுவடி படித்துக் கண் மங்கினோர் வழிவந்த நமக்கு இது வியப்பளிக்கும் கற்பனையாகத் தோன்றாமை இயல்பே.

பெயர்க்குப் பின்னர்ப் பொருள் கற்பித்த இந்நிகழ்ச்சி சிறிதாயினும், தொடர் முழுமைக்கும் உரியதொரு போக்கினை முன்னரே காட்டிவிடுகின்றது. இப்புனைவரலாறு ஒருவர் உள்ளத்தில் முழுமையாக உருவாகிப் பின் வெளிப்பட்டதன்று. ஒவ்வோர் ஆட்டமும் தனக்கு முன்னதன் குறைகளையும் விபத்துகளையும் பொருளுடையனவாக ஆக்கிக்கொண்டு வளர்ந்தது. எனவே, முதனூல் ஒன்று எங்கோ உள்ளது என்றும், பின்வந்தோர் அதனைச் சிதைத்தனர் என்றும் கருதுவோர் இல்லாத ஒன்றனை இழந்ததாக வருந்துகின்றனர்.

இவ்வகை ஆட்டங்கட்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை முதற்கண் தெளிந்தாலன்றிப் பிற செய்திகள் விளங்கா. காப்பியத் தலைவன் யாவன், அவன் செய்தது யாது என்பன காப்பியப் புலவர்க்கு ஐயத்திற்கு இடமில்லாதவை. இங்கோ தலைவன் ஆணோ பெண்ணோ, எவ்வினத்தைச் சார்ந்தவனோ, எம்முடிவை மேற்கொண்டவனோ என்பதனை ஆடுவோரே வரையறுப்பர். நூறாயிரவர் ஆடின் நூறாயிரம் தலைவர் உளர். பின்வரும் ஆட்டமோ அத்தலைவனைப் பழைய வரலாறாகக் குறிப்பிடல் வேண்டும். ஒருவர் ஆடியதனையும் பொய்யாக்குதல் கூடாது. மாரோவிண்டின் தலைவன் பின்னர் யாதாயினான் என்பதற்கு, அவன் அகாவிர் என்னும் தொலைநிலத்திற்குக் கடல்வழிச் சென்றான் என்னும் ஊர்ப்பேச்சு ஒன்றையே ஒப்லிவியன் விடையாகத் தருகின்றது. ஒப்லிவியனின் தலைவனோ, பின்னை நூல்களில் குவாட்ச் நகரின் வீரன் என்னும் பட்டத்தால் மட்டுமே சுட்டப்பெறுகின்றான். மாரோவிண்டில் விவெக் என்னும் தெய்வத்தை ஆடுவோர் கொல்லவும் கூடும், விடுக்கவும் கூடும். ஆதலின் விவெக்கின் பிற்கால நிலை மூடுபனியில் விடப்பட்டது. இதனைச் சோம்பல் என்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வரலாற்றினை ஊர்வழக்காகவும் செவிவழிச் செய்தியாகவும் கூறுதல் இவ்விலக்கிய வகையின் யாப்பு விதி போல்வது. விதிக்குள் நின்று நன்கு செய்தாரா என்பதே கேட்கற்பாலது.

டேகர்ஃபாலில் இவ்விடர்ப்பாடு உச்சநிலை எய்தியது. நூமிடியம் என்னும் பேருருப் பொறியை ஆளும் குறிப்பொருளை ஆடுவோர் யாவர்க்கு அளிப்பர் என்பதைப் பொறுத்து அவ்வாட்டம் முடியும். பேரரசன், ஆர்சினியத்தின் ஓர்க் இனத்தலைவன், மூன்று நாட்டு அரசர், பிணங்களை ஏவும் மந்திரவாதி மானிமார்கோ ஆகியோருள் எவரும் அதனைப் பெறலாம். ஒன்றற்கொன்று ஒவ்வாத இம்முடிவுகளுள் எதனை வரலாறாகக் கொள்வது? பின்வந்தோர் ஒன்றைத் தேர்ந்து பிறவற்றைத் தள்ளவில்லை. காலம் அந்நாளில் முறிந்தது, எல்லா முடிவுகளும் ஒருங்கே நிகழ்ந்தன என்றனர். காலக்கடவுளாகிய நாகத்தின் பெயரால் இஃது ‘டிராகன் பிரேக்’ என வழங்குகின்றது. ஆர்வலருள் ஒரு சாரார் இதனைப் பெரும் மெய்ப்பொருட் கருத்தாகப் போற்றுவர். மற்றொரு சாரார் தவறு மறைக்கும் தந்திரம் என இகழ்வர். இருசாராரும் ஒரு செய்தியை எண்ணிப் பார்த்தல் நன்று. மாரோவிண்டில் இடம்பெறும் நூல்களுள் ஃபால் துரூன் என்னும் கற்பனைப் புலவன் பெயரால் ஒரு கட்டுரை உள்ளது. முற்காலத்தில் காலம் முறிந்ததாகக் கூறப்படும் நெடுநிகழ்ச்சி ஒன்றனை எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று நிகழவேயில்லை, ஆண்டுக் கணக்கைப் பிழைபடக் கொண்ட பிற்காலத்தார் மயக்கமே அது என அவன் நிறுவ முயல்கின்றான். அதே ஆட்டத்தில் காலமுறிவினைக் கண்டதாகச் சான்று கூறுவோர் பலரின் மொழிகளைத் தொகுத்த நூலும் உண்டு. தன் அடிப்படைக் கோட்பாட்டையே மறுக்கும் ஆராய்ச்சியாளன் ஒருவனைத் தன்னுள்ளேயே படைத்து அவனுக்கு நல்ல வாதத்தையும் கொடுத்தல் எளிய செயலன்று. வெறுந் தந்திரம் செய்வோர் தம் தந்திரத்தைத் தாமே அம்பலப்படுத்தார்.

மாரோவிண்ட் இத்தொடரின் உரைநூல் ஆட்டம் எனத் தகும். அதன் நடுப்பொருள் ஒரு கொலைவழக்கு. முதலூழியில் செம்மலைப் போர் நிகழ்ந்தது. அப்போருக்குப் பின் தலைவன் நெரெவார் மாண்டான். அவன் துணைவராகிய அல்மலெக்சியா, சோத்தா சில், விவெக் ஆகிய மூவரும் மலையுள் இருந்த லோர்கான் நெஞ்சின் ஆற்றலால் தெய்வநிலை எய்தினர். இவ்வளவே எல்லாரும் உடன்படும் செய்தி. நெரெவார் எங்ஙனம் மாண்டான் என வினவின் விடைகள் பிரிகின்றன. விவெக் தானே கூறுவதாக அமைந்த நூல், அவன் போர்ப்புண்ணால் மாண்டான் என்றும், நெஞ்சின் ஆற்றலைத் தொடேம் என மூவரும் அவனுக்குச் சூளுரைத்துப் பின்னர் அச்சூளினை மீறினர் என்றும் கூறும். சாம்பல்நிலத்து நாடோடிகளின் மரபினைத் தழுவியதாய்க் கோயிலாரால் மறைத்து வைக்கப்பெற்ற மற்றொரு நூல், மூவரும் நஞ்சூட்டிக் கொன்றனர் என உரைக்கும். நார்டு இனத்தாரின் பாடலோ தம் மன்னன் உல்ஃப்ஹார்த்தை நடுவில் நிறுத்திப் போரினையே வேறொன்றாக்கிவிடும்.

ஈண்டுக் கூற்று என்னும் கருத்து நமக்குப் பெரிதும் உதவும். அகப்பொருட் பாடல் ஒன்றனைப் பொருள்கொள்ளப் புகுவோர் அது தலைவி கூற்றா, தோழி கூற்றா, பரத்தை கூற்றா எனத் துணிந்தபின்னரே சொற்பொருளுக்கு வருவர். கூற்று மாறின் சொல் மாறாதிருக்கவும் பொருள் மாறும். அதுபோல, செம்மலை நூல்கள் ஒவ்வொன்றிலும் கூறுவோர்க்கு ஒரு நலன் உண்டு. கேட்போர்க்கும் ஒரு நலன் உண்டு. விவெக் ஒரு பிழையை ஒப்புக்கொள்வான், சூள் மீறியதனை. பெரும்பிழையை மறுப்பான், கொலையினை. சிறுபிழையை ஒப்புதல் பெரும்பிழையை மறைத்தற்கு நல்ல வழி என்பதனை வழக்குமன்றம் அறிந்தோர் அறிவர். நாடோடிகளோ கோயிலாரால் ஒடுக்கப்பட்டோர். அவர்தம் நூலில் பகைமை மிகுதலும் இயல்பே. ஆட்டம் எவ்விடத்தும் தீர்ப்பு வழங்கவில்லை. தீர்ப்பு வழங்கவேண்டியவர் ஆடுவோர். ஏனெனில் மாண்ட நெரெவார் மீண்டும் பிறந்த உருவமே அவர் என ஆட்டம் கூறுகின்றது. அக்கூற்றும் ஐயத்திற்குரியதே. முன்னர் அவ்வாறே தம்மைக் கருதித் தோற்றோர் பலரின் ஆவிகளை ஒரு குகையில் அவர் எதிர்கொள்வார். ஆகவே, கொலையுண்டவனோ அல்லனோ எனத் தன்னையே அறியாத ஒருவர் கொலைவழக்கைக் கேட்கின்றார். முரண்பட்ட ஏடுகள் இங்குப் பின்புலமாக நில்லாது கதையாகவே மாறிவிடுகின்றன.

விவெக் இயற்றியனவாகக் கூறப்பெறும் முப்பத்தாறு பாடங்கள் பற்றியும் ஒரு சொல். மைக்கேல் கிர்க்பிரைடு எழுதிய இவை ஆட்டத்துள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறுநூல்கள். பொருள் எளிதிற் பிடிபடாத மறைமொழிகள் அவை. 29ஆம் பாடத்தில் எண்களின் வரிசை ஒன்று வரும். அவ்வெண்களைக் கொண்டு ஒவ்வொரு பாடத்திலிருந்தும் அவ்வவ்விடத்துச் சொல்லை எடுத்துக் கோப்பின், தெய்வநிலை திருடப்பட்டது, தலைவன் கொலையுண்டான் என்னும் ஒப்புதல் வாக்குமூலம் வெளிப்படும். கோயிலார் மறைநூலாகப் போற்றும் நூலினுள்ளேயே அக்கோயிற் கடவுளின் குற்ற ஒப்புதல் பொதிந்துள்ளது. ஆர்வலர் இதனைக் கண்டறிந்த உழைப்பு பாராட்டத்தக்கது. ஆயினும், இதனைக் கொண்டு வழக்கு முடிந்தது எனல் பொருந்தாது. தன்னைப் பற்றிப் பல்வேறு பொய்களைப் புனைந்தவன் தன் குற்றத்தையும் புனைந்திருத்தல் கூடும். பெரும்பான்மை ஆட்டக்காரர் இந்நூல்கள் சிலவற்றைத் திறந்தவுடன் ஒரு திறன் ஒருபடி உயர்தல் கண்டு, ஒரு வரியும் படியாது மூடிவிடுவர் என்பது வேறு செய்தி. மனப்பாடம் செய்து தேர்வெழுதும் மாணாக்கரை நாம் இதுபற்றிக் குறைகூறும் உரிமையை என்றோ இழந்துவிட்டோம்.

இனி, ஆர்வலர் பெரிதும் சினந்து பேசும் காட்டுவழக்கிற்கு வருவாம். 1998இல் ரெட்கார்டு ஆட்டத்தோடு வெளியிடப்பெற்ற பேரரசுக் கையடக்க வழிகாட்டி, பேரரசின் நடுநாடாகிய சிரோடில் பெரும்பாலும் எல்லையற்ற அடர்வெப்பக் காடு எனக் கூறிற்று. 2006இல் அந்நாட்டையே களமாகக் கொண்ட ஒப்லிவியன் வந்தபொழுது, ஆங்குக் கண்டவை மிதமான தட்பவெப்பமுடைய புல்வெளியும் ஓக் மரச் சோலையும் ஆம். ஐரோப்பிய இடைக்கால நாடு ஒன்றன் சாயல் அதற்கு உண்டு. தனித்தன்மை வாய்ந்த நிலத்தைப் பொதுமையாக்கிவிட்டனர் என்று மாரோவிண்ட் ஆர்வலர் குமுறினர். பின்னர் விளக்கங்கள் தோன்றின. டாலோஸ் தெய்வமாகியபொழுது தன் படைவீரர் பொருட்டுக் காட்டினை மாற்றினான் என்பது ஒன்று. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் மற்றொன்று: எலின்ஹீர் நகரத்து ஃபிராஸ்டஸ் என்னும் கற்பனைப் புலவர், ‘காடு’ என்னும் குறிப்பு படியெடுத்தோர் பிழை என்பார், டானெத் நகரத்துச் சின்னபார் அம்மையார் அதனை மறுப்பார். படியெடுத்தோர் தலையில் பழியைச் சுமத்துதல் டாம்ரியலிலும் வழக்கமாயிருத்தல் நமக்கு ஒருவகை ஆறுதலே.

இங்கு ஒரு வேறுபாட்டினை வற்புறுத்தல் வேண்டும். செம்மலை முரணும் காட்டு முரணும் ஒருதன்மையன அல்ல. முன்னதில் கூறுவோர் முதலிலேயே உளர். அவர்தம் கூற்றுகள் ஓர் ஆட்டத்தினுள்ளேயே ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. முரணால் விளையும் பொருள் ஆடுவோர் செயலோடு பிணைந்துள்ளது. பின்னதில் முரண் முதலில் நிகழ்ந்தது; முரணைச் சுமக்கக் கூறுவோர் பின்னரே அமர்த்தப்பட்டனர். ‘இந்நூல்கள் யாவும் கதைமாந்தர் எழுதியவை, ஆதலின் பொய்யாகவும் இருக்கலாம்’ என்னும் விடையை எவ்விடத்தும் பொதுவிடையாகக் கொள்ளின், நிறுவனத்தார் எதனையும் மறக்கவும் மாற்றவும் உரிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தவராவோம். அது தகாது. எனினும் வழிகாட்டி நூலைப் பொறுத்தமட்டில் அவ்விடை முற்றும் பொய்யன்று. அந்நூல் பேரரசின் புகழ்பாடும் பரப்புரையாக எழுதப்பெற்றது. அதன் ஓரங்களில் பகைமனத்தான் ஒருவன் கையெழுத்தால் மறுப்புரைகள் வரைந்திருத்தலும் அச்சிலேயே காணலாம். ஐயுறுக என்று நூலே முன்னர்ச் சொல்லிவிட்டது. ஆகவே காட்டினை மாற்றியமைக்காகவே ஒப்லிவியனைத் தாழ்த்துதல் நேர்மையாகாது. அதன் குறை பிறிதோரிடத்தில் உள்ளது.

அக்குறை ஏட்டில் இல்லை. வழிப்பறிக் கள்வன் உடலில் இருக்கின்றது. ஒப்லிவியனில் ஆடுவோரின் படிநிலை உயருந்தோறும் பகைவரின் படிநிலையும் படைக்கலமும் உடன் உயரும். இதன் விளைவாக, தொடக்கத்தில் தோலாடையும் துருப்பிடித்த வாளும் கொண்டு மறித்த கள்வன், சில திங்கள் கழித்து ‘கிளாஸ்’ என்னும் அரும்பொருட் கவசம் பூண்டு நிற்பான். நின்றும், கேட்பதோ பழைய நூறு பொற்காசே. அவன் அணிந்த கவசத்தின் விலையோ அதனினும் பன்மடங்கு. மாரோவிண்டில் அக்கவசம் அரிதிற் கிடைப்பது, பெருஞ்செல்வர்க்கும் எளிதில் வாய்க்காதது. ஒரு நாட்டின் பொருளியல், குடிநிலை, அரிது எளிது என்னும் வேறுபாடு ஆகிய அனைத்தும் அக்கள்வன் ஒருவனால் பொய்யாகின்றன. எந்நூலின் எவ்வரியை எவ்வாறு உரைகாணினும் இம்முரண் தீராது. ஏனெனில் இது எவர் கூற்றுமன்று, உலகமே கூறும் கூற்று. காடு எங்கே என ஆண்டுக்கணக்கில் வினவிய ஆர்வலர், கள்வனைப் பற்றி முறையிட்டபொழுது அதனை ஆட்டநுட்பக் குறையாக மட்டுமே பேசினர். புனைவரலாற்றுக் குறையாகப் பேசியோர் சிலரே. நம் கருத்து, அதுவே தொடரின் பெருமுரண் என்பது.

இதனோடு ஒத்த மற்றொன்று வழிகேட்டல். மாரோவிண்டில் ஓரிடம் செல்லவேண்டின், ஆற்றைக் கடந்து, பாறையின் இடப்புறம் திரும்பி, பாழ்ங்கோயிலைக் கண்டு வடக்கே செல்க எனச் சொல்லால் வழி உரைப்பர். அச்சொல் சிற்சில இடங்களில் பிழையுமாகும். ஒப்லிவியனில் திசைகாட்டியின் மேல் ஒரு குறி தோன்றிச் சேருமிடத்தைச் சுட்டிவிடும். கண்டறிந்த இடங்கட்கு நொடியில் செல்லவும் இயலும். மாரோவிண்டில் உரையாடல்கள் பெரும்பாலும் எழுத்து வடிவின. ஒப்லிவியனில் யாவும் நடிகர் குரலில் பதிவுபெற்றன. குரற்பதிவிற்கு ஆகும் பொருட்செலவு சொல்லைச் சுருக்கிற்று. குறி சொல்லின் தேவையையே நீக்கிற்று. சொல்லைக் கேளாதும் வழி அறியலாம் எனின், சொல்லை ஏன் கேட்டல் வேண்டும்? ஆட்டத்தினுள் உள்ள நூற்றுக்கணக்கான நூல்கள் அணிகலன்களாக மாறத் தொடங்கியது இவ்விடத்திலே என்று கொள்ளலாம். மாரோவிண்டில் 27ஆக இருந்த திறன்கள் ஒப்லிவியனில் 21ஆகவும் ஸ்கைரிமில் 18ஆகவும் குறைந்தன என்பதனைப் பலர் வீழ்ச்சியின் அளவாகக் காட்டுவர். எண்ணிக்கையில் நமக்கு அத்துணை ஈடுபாடு இல்லை. பயன்படாத திறன்களை நீக்குதல் செப்பமே. சொல் செயலிழந்தமையே கவலைக்குரியது.

ஸ்கைரிம் பற்றிய மதிப்பீட்டில் ஆர்வலர் இருதுருவமாக நிற்பர். அதன் குறை வெளிப்படை. மாரோவிண்டில் ஒரு குழுவில் உயர்பதவி பெறவேண்டின் அக்குழுவிற்குரிய திறன்களில் தேர்ச்சி வேண்டும்; ஹ்லாலு, ரெடோரன், டெல்வன்னி என்னும் மூன்று பெருங்குடிகளுள் ஒன்றைச் சார்ந்தோர்க்குப் பிற இரண்டும் அடைபடும். ஸ்கைரிமிலோ, சில மந்திரங்களே அறிந்த வாள்வீரனும் விண்டர்ஹோல்டு மந்திரக் கல்லூரியின் தலைமை எய்துவான். அவனே கள்வர்க்கும் தலைவனாவான். பட்டம் பெற்றபின் உலகம் அவனைப் பட்டம் பெற்றவனாக நடத்துதலும் அரிது. தேர்ச்சியின்றித் தலைமை பெறும் கல்லூரியை நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என எவரேனும் மறுப்பாராயின், நாம் அவரோடு வாதிடப் புகோம். ஆட்டத்தின் அளவில் அது குறையே.

ஆயினும் ஸ்கைரிமில் ஒன்று உண்டு. அதனை அதன் எதிரிகள் போதிய அளவு மதித்திலர். நாகங்களின் மொழி அது. நாகங்கட்குச் சொல்லும் போரும் வேறல்ல. இரு நாகங்கள் தீயுமிழ்ந்து பொருதல் உண்மையில் அவை நிகழ்த்தும் சொற்போரே என்பது புனைவரலாறு. பாறைகளில் நகத்தால் கீறியதுபோன்ற எழுத்துகளில் அம்மொழி பொறிக்கப்பட்டுள்ளது. அச்சொற்களைக் கற்று முழங்குதலே ஆடுவோரின் ஆற்றல். இவற்றுள்ளும் ‘டிராகன்ரெண்டு’ என்னும் முழக்கம் சிறப்பாக நோக்கத்தக்கது. அதனை ஆக்கினோர் நாகங்களால் அடிமைப்பட்ட மாந்தர். இறப்பு என்பதனை அறியாத நாகத்தின் உள்ளத்தில் இறப்புடைமை என்னும் கருத்தை வலிந்து புகுத்துவது அம்முழக்கம். அக்கருத்தைத் தாங்கமாட்டாது நாகம் வானின்று மண்ணிற்கு இறங்கும். ஒரு மெய்ப்பொருட் செய்தி, ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்துதலால் நிகழும் பயனாகவே வடிவுபெறுகின்றது. அதனைப் பற்றி ஒரு நூலும் படியாதவர்க்கும் அதன் பயன் கிட்டும். படித்தவர்க்கோ, நாகம் விழுங்கால் விழுவது யாது என்பது புலனாகும். மாரோவிண்டின் செம்மலை வழக்கிற்கு நிகராக வைத்தெண்ணத்தக்க இடம் பின்வந்த ஆட்டங்களில் இஃதொன்றே என்பது நம் துணிபு. புனைவரலாறு ஏட்டில் எழுதப்பட்டுள்ள அளவாலோ, பழையதோடு ஒத்துள்ள அளவாலோ மதிக்கப்படுவதன்று. ஆடுவோர் செயலில் அது எவ்வளவு நிகழ்கின்றது என்பதனால் மதிக்கப்படுவது. இவ்வளவையால் நோக்கின் ஆட்டங்களை முன்னது உயர்ந்தது பின்னது தாழ்ந்தது என ஏணிப்படியாக அடுக்குதல் இயலாது. ஒப்லிவியனின் விரிவாக 2007இல் வந்த ‘ஷிவரிங் ஐல்ஸ்’ இதற்கு மற்றொரு சான்று. அங்கு ஆடுவோர் பித்தின் கடவுளாகிய ஷியோகொராத்தின் அரியணையை ஏற்பர். ஸ்கைரிமில் ஷியோகொராத் தோன்றிப் பழைய நிகழ்ச்சிகளைத் தான் உடனிருந்து கண்டதாகக் குறிப்பாற் பேசுவான். பெயர் இல்லை, பால் இல்லை, இனம் இல்லை. அறிந்தோர் மட்டும் தம் பழைய உருவினைத் தாமே எதிர்கொண்டதை உணர்வர். முன்னர்க் கூறிய யாப்பு விதிக்குள் இதனினும் நயமாக ஒன்று செய்தல் அரிது.

இனி, இவ்வரலாற்றிற்கு உடையவர் யாவர் என்னும் வினா எழும். சட்டப்படி விடை எளிது. பெதஸ்டாவின் தாய்நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2021இல் வாங்கி முடித்தது. இலக்கியப்படி அத்துணை எளிதன்று. கிர்க்பிரைடு நிறுவனத்தை விட்டு நீங்கிய பின்னரும் டாம்ரியல் பற்றி எழுதிவந்தார். 2014இல் ‘கோடா’ என்னும் படக்கதை வரைவினை வெளியிட்டார். இத்தகைய புறவெளியீடுகளை ஒப்பிய நூலாகக் கொள்வதா தள்ளுவதா என ஆர்வலர் இன்றும் பிரிந்து நிற்பர். தள்ளுவோர்க்கு ஓர் இடையூறு உண்டு. ஸ்கைரிமில் வைட்ரன் நகரத் தெருவில் நின்று முழங்கும் ஹெய்ம்ஸ்கர் என்னும் சமயவுரையாளன் வாயில் வரும் சொற்கள் பல, கிர்க்பிரைடு ஆட்டத்திற்குப் புறத்தே எழுதியவை. புறத்ததாக இருந்தது ஓர் ஆட்டம் கழித்து அகத்ததாயிற்று. கொள்வோர்க்கும் இடையூறு உண்டு. அவ்வுரையாளனை ஊரார் தொல்லையாகவே கருதுகின்றனர்! சமயவெறியன் வாயில் வைக்கப்பெற்ற செய்தி மெய்யென நிறுவப்பட்டதா, எள்ளி நகையாடப்பட்டதா? இங்கும் நாம் கேட்கவேண்டியது யார் கூற்று என்பதே. புறவெளியீடுகளைத் தனிப்பாடல் போலக் கொள்ளலாம். சுவைத்தற்கு அவை உரியன. ஒரு காப்பியத்தின் பாடத்தைத் துணிதற்குச் சான்றாகா. காப்பியத்துள் எடுத்தாளப்பட்டபின், எடுத்தாண்ட இடத்திற்கு ஏற்பப் பொருள்படும்.

துவெமர் இனத்தார் மறைவு பற்றியும் இவ்வாறே கூறவேண்டும். செம்மலைப் போரின்போது அவ்வினம் முழுதும் ஒருகணத்தில் மறைந்தது. மாரோவிண்டில் மந்திரவாதியர் கழகத் தலைவன் அம்மறைவின் காரணத்தைக் கண்டுவருமாறு ஆடுவோரைப் பணிப்பான். எஞ்சிய ஒரே துவெமராகிய யாக்ரம் பாகர்ன் நோயுற்ற உடலோடு ஒரு குகையில் வாழ்கின்றான். அவனுக்கும் விடை தெரியாது, அவன் அந்நாளில் இவ்வுலகில் இல்லை. பின்வரும் ஆட்டமொன்று இதனை விளக்கவேண்டும் என விழைவோர் பலர். 2018இல் தொடரின் ஆறாம் ஆட்டம் அறிவிக்கப்பெற்றபொழுதும் அவ்விழைவு மீண்டும் எழுந்தது. நாம் அதனை விழையவில்லை. இறந்தோர் யாவர் என்பதனை எஞ்சிய ஒருவனும் அறியாதிருத்தலில்தான் அக்கதையின் துயரம் உள்ளது. விடை வரின் துயரம் நீங்கிப் புதிர் மட்டும் எஞ்சும்.

ஆர்வலர் இதுகாறும் ஆட்டநூல்களைத் தொகுத்துக் காத்த பணி பெரிது. இனி வேண்டுவது ஒப்புநோக்கிய பதிப்பு. ஒரே நூல் வெவ்வேறு ஆட்டங்களில் வெவ்வேறு பாடத்தோடு வருகின்றது. பாரென்சியா அரசியின் வரலாற்றை இதற்குத் தொடக்கமாகக் கொள்ளலாம். மாரோவிண்டில் அவ்வரசிக்கு அரசவையார் ஒப்பிய வாழ்க்கை வரலாறு ஒன்றும், அதனைப் பொய்யாக்கும் ‘மெய்யான பாரென்சியா’ என்னும் நூலொன்றும் உள. பின்னது 1996இல் டேகர்ஃபாலிலேயே வந்துவிட்டது. அங்குள்ள காமச்சுவை மிக்க ஒரு பகுதி 2002இன் பாடத்தில் இல்லை. நீக்கியவர் பதிப்பித்த நிறுவனத்தார் என்பது வெளியுலகச் செய்தி. டாம்ரியலுக்குள் நின்று வினவின், நீக்கியவர் கோயிலாரா, பேரரசின் தணிக்கையாளரா, அன்றி முதுமையுற்ற அரசி தானேயா? இரு பாடங்களையும் அருகருகே வைத்து வரிவரியாக நோக்கின், அப்பகுதியன்றிப் பிறவும் மாறியுள்ளனவா என்பது தெரியவரும்.